அரை டிக்கெட்

அப்புத்தளையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில் தினமும் வரும் ஒரு நர்ஸ், பக்கத்து சீட்டில் ஈரக்குடையை வைத்து இடம் பிடித்தே வருவார். தெமோதரையில் ஏறும் மகளுக்கு அது. நர்ஸுக்குக் கணவர் இல்லை; தனியாகத்தான் மகளை வளர்த்தார்.

ஒருநாள் பின்சீட்டிலிருந்த என்னோடு புதிய வருமான வரியைப் பற்றிப் பேசினார்.

“ரெண்டு பேரு சம்பாதிக்கிற வீட்டுல ஆளுக்கொரு வரிவிலக்குங்க. நான் ஒருத்தியா ஓவர்டைம் செஞ்சா அதுலயும் வரி வெட்டுறாங்க. எம்மகள அவங்க கணக்குலயே எடுக்கல. கண்டக்டராவது அரை டிக்கெட் போட்டு அரை ஆளுங்குறாரு.”

தெமோதரையில் மகள் ஏறினாள். கண்டக்டர் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்.

“மிஸ்ஸி, இனி அரை டிக்கெட் சரிவராது. முழுசு எடுங்க.”

நர்ஸ் தயங்காமல் காசை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பாத்தீங்களா, ஒருத்தராச்சும் இவள முழு ஆளா எண்ணிட்டாங்க!”

கட்டணம் கூடியதற்கு அவ்வளவு பெருமைப்பட்ட இன்னொருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.