முல்லைக்கொடிச் சறுக்கும் நந்தி வாய்த் தண்ணியும்

பிள்ளைகளா, நீங்க தண்ணீர்ப் பூங்காவுக்குப் போயிருப்பீங்க. மேலேருந்து சறுக்கி, தொப்புன்னு விழுந்து, மூக்குல தண்ணி ஏறி, இருமிக்கிட்டே மறுபடியும் படியேற ஓடியிருப்பீங்க. நான் சொல்லப்போற பூங்காவுல யாரும் சறுக்க முடியாது. மொத்தப் பூங்காவும் ஒரு மேசை மேல அடங்கிடும். என் மக செஞ்சது. ஆனாலும் எங்க திருமுல்லைவாயில்ல அதைவிடப் பெரிய பூங்கா இன்னும் வரலைன்னுதான் நான் சொல்லுவேன்.

எங்க வீடு பழைய ஊர்ப் பக்கம். நாங்க நெல்லு போட்டுக்கிட்டிருந்த நிலத்துல இப்போ அடுக்குமாடி நிக்குது. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறேன். பத்தாவதோட படிப்பு முடிஞ்சது. அந்த அடுக்குமாடியில பொங்கலுக்குப் பிள்ளைங்க கண்காட்சி வைப்பாங்க, பக்கத்துத் தெருப் பிள்ளைங்களையும் கூப்பிடுவாங்க. போன பொங்கலுக்கு, நம்ம ஊருக்கு என்ன வரணும்னு ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சு காட்டணும். எட்டாவது படிக்கிற என் மக, "தண்ணி பார்க் வரணும் நைனா. ஆனா நம்ம ஊர்க் கதைதான் சறுக்குமரமா இருக்கணும்"னா.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிடுறேன். முன்னே ஒரு ராஜா யானை மேல சண்டைக்கு வந்தார். இங்கே மண்டிக் கிடந்த முல்லைக்கொடி யானைக் கால்ல சுத்திக்கிச்சு. வாளால கொடியை வெட்டினார். ரத்தம் வந்துச்சு! பதறிப்போய் விலக்கிப் பார்த்தா, உள்ளே லிங்கம். ராஜா கதறி அழுதார். சாமி கோவிச்சுக்கலை. "நீ சண்டைக்குப் போ, துணைக்கு என் நந்தி வரும்"னு அனுப்பி வெச்சார். அதனால எங்க கோயில்ல நந்தி சாமியைப் பார்த்துப் படுத்திருக்காது. கிளம்பத் தயாரா வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

இதை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்துட்டா. மேலே பெயிண்ட் வாளிக்கு அட்டையில காதும் தும்பிக்கையும் வெச்சா யானை. தும்பிக்கையிலேருந்து பச்சை டியூபு வளைஞ்சு வளைஞ்சு இறங்கினா முல்லைக்கொடி. கொடி நந்தியோட வயித்துக்குள்ள நுழைஞ்சு வாய் வழியா வரும். நந்திக்குப் பின்னால அட்டைக் கோயில், முன்னால சறுக்கு. நந்தியை வெள்ளை சிமெண்ட்ல நான்தான் பிடிச்சேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "இன்னா இது, பெருச்சாளி மாறி கீது?"ன்னா. கொம்பு வெச்சப்புறம்தான் ஒத்துக்கிட்டா.

சறுக்குக்குக் கீழே ஐஸ்கிரீம் டப்பாவுல மூணு ஏரி. ஒண்ணு ரொம்பினாத்தான் அடுத்ததுக்குத் தண்ணி. நம்ம பக்கத்து ஏரிங்க எல்லாம் அப்படித்தானே? மேல ஏரி ரொம்பி, கரையில தண்ணி வழியக் கட்டின கலங்கல்ல வழிஞ்சு, கீழ ஏரிக்கு விடும். அதை 'கோடி போவுது'ன்னு சொல்லுவோம். கோடி போனா ஊரே போய் மஞ்சள் தூவி, பூ விட்டு, கற்பூரம் ஏத்திக் கும்பிடும். கடைசி டப்பா பருத்திப்பட்டு ஏரி. அதைச் சுத்திப் பஞ்சு ஒட்டினா. அங்கே நெஜமாவே பருத்தி விளைஞ்சுதான்னு எனக்குத் தெரியாது. அவ ஒட்டிட்டா, சரின்னு விட்டுட்டேன்.

வீட்டுல ஓட்டிப் பார்த்தப்போ ஒரு நேரம் ஓடுச்சு, ஒரு நேரம் நின்னுச்சு. மீன் தொட்டி மோட்டார் ஒண்ணு வாங்கியாந்து காட்டினேன்.

"நைனா, மோட்டார் இல்லாம ஓடும்னு எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஓடலைன்னா சிரிப்பாங்களே கண்ணு."

"சிரிக்கட்டும். ஏரிக்கு யாராச்சும் மோட்டார் போடுவாங்களா?"

மோட்டாரை வீட்டுலயே விட்டுட்டுத்தான் கிளம்பினோம்.

அடுக்குமாடிக் கூடத்துல எங்க மேசைக்குப் பொறுப்பு, மூணாவது மாடியில இருக்கிற சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நாங்க தண்ணிக் குடம் தூக்கப் போனப்போ, எங்க மேசையில சாய்ஞ்சிருந்த அட்டை மரத்தையெல்லாம் அவரே நிமிர்த்தி வெச்சிருந்தார். நல்ல மனுஷன்.

எங்க முறை வந்தது. என் மக குடத்தைச் சாய்ச்சு யானையை ரொப்பினா. தண்ணி கொடியில சுத்தி சுத்தி இறங்குச்சு. பசங்க "ஓ"ன்னு கத்தினாங்க. நந்தி வாயிலேருந்து பீய்ச்சுச்சு. ஆனா சறுக்குல ஒரு சொட்டு விழலை. பொளபொளன்னு அட்டைக் கோயில் மேலயே ஊத்துச்சு. கோபுரம் ஊறிச் சாய்ஞ்சுது. மூணு ஏரியும் காய்ஞ்சு கிடந்தது.

"இதான் மோட்டார் இல்லாத பார்க்கா? கோயிலுக்கு அபிஷேகமா நடக்குது!"ன்னு ஒரு பையன் கேட்டான். கூடமே சிரிச்சது. நான் டியூபு கழண்டுக்கிச்சோன்னு குனிஞ்சு தடவிக்கிட்டிருந்தேன். யானை வாளியில தண்ணி இறங்கிக்கிட்டே இருந்தது.

அவ டியூபைப் பார்க்கலை. நந்தியைப் பார்த்தா.

"அங்கிள், நந்தியைத் திருப்புனீங்களா?"

"ஆமாம்மா. சாமிக்கு முதுகைக் காட்டிட்டு இருந்துச்சு. அவசரத்துல மாத்தி வெச்சிட்டீங்க போலன்னு நான்தான் சரி பண்ணேன்."

"எங்க ஊரு நந்தி அப்பிடித்தான் அங்கிள் இருக்கும். அது ராஜாவுக்குத் துணைக்குப் போவணும்ல?"

சொல்லிக்கிட்டே ரெண்டு கையாலயும் நந்தியைப் பிடிச்சு, வாசலைப் பார்க்கத் திருப்பினா. தண்ணி சறுக்குல பாய்ஞ்சுது. முதல் ஏரி ரொம்புச்சு. ரெண்டாவதுக்கு வழிஞ்சுது. கோயில் குடிச்சது போக மிச்சத் தண்ணிதான். பருத்திப்பட்டு வரைக்கும் எட்டுமான்னு யானை வாளியை எட்டிப் பார்த்தேன். சிரிச்ச பையன்கூட மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, "வா, வா"ன்னு தண்ணியைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தான்.

யானை காலியாச்சு. கடைசி டப்பா விளிம்பு வரைக்கும் தளும்பி நின்னு, அப்புறம் மெதுவா வழிஞ்சு பஞ்சை நனைச்சுது.

"கோடி போவுது!"ன்னு கத்தினது நான்தான்.

சார் தலையில கை வெச்சுக்கிட்டார். "எங்க ஊர்ல எல்லாம் நந்தி சாமியைத்தானம்மா பாக்கும்! மூணு வருஷமா இங்க இருக்கேன், கோயிலை எட்டிப் பாக்கலையே"ன்னார். பொங்கல் லீவு முடியறதுக்குள்ள தன்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டச் சொல்லி எங்களைக் கேட்டார். என் மக, "நானே கூட்டிக்கினு போறேன் அங்கிள்"னா.

அப்போதான் என் வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வந்தா. முந்தானை முடிச்சை அவுத்தா. உள்ளே மஞ்சத்தூள். ஒரு சிட்டிகை எடுத்து, அந்த ஐஸ்கிரீம் டப்பாவுல தூவி, கண்ணை மூடிக் கும்பிட்டா. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிஞ்சுக்கிட்டு வந்திருக்கா.