சாவிக்கொத்தும் மஃரிப் பாங்கும்

பள்ளிவாசல் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, "மோதினார் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?" என்பதுதான். பாங்கு சொல்லி ஆட்களைத் தொழுகைக்குக் கூப்பிட வேண்டும். ஒரு வரியில் முடிகிற இந்தப் பதில் எனக்கு விளங்கச் சில வருடங்கள் பிடித்தன.

சேர்ந்த நாள்

யுத்தம் முடிந்து, பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் வீதிக்குக் கார்பெட் தார் போட்ட காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தேன். நிர்வாகத் தலைவர் ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாங்கு மட்டும் சொன்னாப் போதும் மோதினார். வேற ஒரு கரச்சலும் இல்ல" என்றார். மதியம் லுஹர் தொழுது முடிந்ததும், "அப்புடியே அந்தத் தண்ணி மோட்டரையும் ஒருக்காப் பாத்துக்கோங்களேன்" என்றார். மோட்டர் அறைச் சாவி என்னிடம் வந்தது.

அதன் பிறகு சாவிகள் குட்டி போட்டன. இறந்தவரைத் தூக்கிப்போகும் சந்தூக் வைத்த அறை, நோன்புக் கஞ்சிப் பானை வைத்த ஸ்டோர், மதரசா, ஒலிபெருக்கி அறை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கரண்ட் போவதை மைக்கில் அறிவித்தேன். காணாமல் போன ஆட்டை அறிவித்தேன். ஆடு கிடைத்ததையும் அறிவிக்கச் சொன்னார்கள். ஆடு கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கும். கல்யாணப் பேச்சு முறிந்தால்கூட இரண்டு வீட்டாரும் என்னிடம்தான் வந்தார்கள்.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடக்கும்போது பள்ளிவாசலே என் தோளில் நிற்பதாக ஒரு நினைப்பு. நான் பிறக்கும் முன்பும் அந்தப் பள்ளி நின்றுகொண்டுதான் இருந்தது என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

ரஹீமா லாத்தா

பள்ளி மதிலுக்குப் பின்வீட்டில், ஊருக்கே அக்காவான ரஹீமா லாத்தா இருந்தார். கணவர் நிசார் உப்பளத்தில் வேலை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் லாத்தாவுக்குக் கண் போய்விட்டது. நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதற்கு, "டொக்டருக்கு அவர்ட வேல, எனக்கு என்ட வேல" என்றாராம். ரேடியோவில் வருவது கொழும்பு நேரத்துப் பாங்கு என்பதால் அதற்கு நோன்பு திறக்க மாட்டார். சூரியன் மறைந்ததும் மஃரிப் பாங்காக மதிலுக்கு மேலால் என் குரல் வர வேண்டும். வந்தால்தான் பேரீச்சம்பழம் வாய்க்குள் போகும்.

முதலாளி வந்த நாள்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நோன்பு வந்த வருடம் அது. பள்ளிக்கு மினாரா கட்டித் தருவதாகச் சொன்ன கொழும்பு முதலாளி ஒருவர், எங்களோடு நோன்பு திறக்க வருவதாக இருந்தார். ஹாஜியார் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மோதினார், பாலாவிச் சந்திக்குப் போய் அவரக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்கதான் மரியாதயாக் கதைப்பீங்க."

"மஃரிபுக்குள்ள வந்துருவமா ஹாஜியார்?"

"கார்பெட் ரோட்டுல என்ன சுணக்கம்?"

முதலாளியின் வாகனத்தில் ஏசி நன்றாக வேலை செய்தது. மினாராவின் உயரம் பற்றி மரியாதையாகக் கதைத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் உப்பு லொறி ஒன்று வீதிக்குக் குறுக்கே புரண்டு கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. சூரியன் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார். "மோதினார், மைக் ரூம் சாவி எங்க?"

"என்ட இடுப்புல ஹாஜியார்."

"கஞ்சி ஸ்டோர் சாவி?"

"அதுவும் இடுப்புலதான்."

காற்று இரைச்சலுக்கு நடுவே ஹாஜியார் போனை வைத்துவிட்டார்.

யாரோ ஒருவர் மைக் இல்லாமல் முற்றத்தில் நின்று பாங்கு சொல்லியிருக்கிறார். முற்றத்தில் இருந்தவர்கள் நோன்பு திறந்தார்கள். அவர்களில் நிசாரும் ஒருவர்; வீட்டுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்துவிட்டார். அந்தக் குரலைக் கச்சான் காற்று அப்படியே மறுபக்கம் கொண்டுபோனது. நிசார் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனபோது லாத்தா சீனி இறங்கி, மயங்கிப் பாயில் விழுந்து கிடந்தார். தண்ணீர்க் கோப்பை பக்கத்தில் நிறைந்தபடி இருந்தது.

அந்த இரவு புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் அழுதேன். மறுநாள் லாத்தாவுக்குப் பேச்சு வந்ததும் நிசார் என்னை உள்ளே கூட்டிப்போனார்.

"மோதினார், நேத்து எங்க போன?"

"ஒரு வேலயாப் போன லாத்தா."

"பாங்கு சொல்றதுதானே ஒங்கட வேல?" என்றார். குத்திக் கதைக்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

கூட்டம்

நிர்வாகம் அவசரமாகக் கூடியது. நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஹாஜியார் அதை அறிவித்தார்: "எல்லாச் சாவிக்கும் இன்னொண்டு வெட்டுவம். அதையும் மோதினார்ட்டயே குடுத்து வைப்பம்."

நான் சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தேன். ஒலிபெருக்கி அறைச் சாவியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

"அப்ப மிச்சம் ஆர் பாக்குற?" என்றார் ஹாஜியார்.

"இத்தின பேர் இருக்கிறீங்களே."

"நீங்க என்ன செய்யப்போற?"

"பாங்கு சொல்லப்போறன்."

"அது மட்டுமா?"

"சேந்த அன்டைக்கு நீங்க சொன்னதும் அதுதானே ஹாஜியார்."

மறுநாள் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்து முற்றம் குளமாகியது. மோட்டர்ச் சாவியை வாங்கியவர் தூங்கிவிட்டார். அதனால் யாரும் மயங்கி விழவில்லை. கஞ்சியில் உப்புக் கூடியது. உப்பளத்து ஊரில் அதையும் குடித்தார்கள். மினாரா இன்னும் வரவில்லை.

தம்பிமாரே, உங்களுக்கும் சாவி தருவார்கள். மரியாதையோடு, கையைப் பிடித்துத்தான் தருவார்கள். அல்லாஹ் உங்களிடம் கேட்டது எந்தச் சாவி என்று பார்த்து வாங்குங்கள்.

டொக்டர் கடுமையாகச் சொன்னதால் ரஹீமா லாத்தா அந்த வருடம் மிச்ச நோன்புகளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் பின்னேரத்தில் குடிக்கும், பால் கலக்காத பிளேன்டீயை என் குரல் கேட்கும்வரை தொடுவதில்லை என்று நிசார் சொன்னார். ஒவ்வொரு நாளும் மஃரிப் பாங்கு முடிந்து மைக்கை நிறுத்தியபின் கொஞ்சம் நிற்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கோப்பைக்குள் கரண்டி சுழலும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் என் பேரீச்சம்பழத்தை எடுப்பேன்.