லோரீன் அழித்த பென்சில் வரிகள்

லோரீன் ஸ்டாம்பருக்கு பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் பழைய பாஞ்சோ பாடப்புத்தகம் யாருக்காவது வேண்டுமென்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். கம்பியை எப்படி முறுக்குவது, எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தரும் மெல்லிய புத்தகங்கள். நூறு, நூற்றைம்பது வருடத்துப் பழையவை. செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வரும்போது பியானோ பெஞ்சுக்குள்ளும் துணிப்பெட்டி அடியிலும் கிடக்கும். லோரீன் அள்ளிக்கொண்டு வருவாள்.

"ஒரு கம்பியைத் தட்டத் தெரியாது, வீடு பூரா பாடப்புத்தகம்," என்பான் அவள் புருஷன் ட்வைட்.

"உனக்கு சமைக்கத் தெரியாது, திங்கலையா?" என்பாள் இவள்.

மேசை நாற்காலி செய்யும் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். பாலிஷ் போட்டு வரும் சாமானில் கீறல், கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. ஆலையை மூடினார்கள், அந்தக் கண்ணை மூட முடியவில்லை. புத்தகம் கைக்கு வந்ததும் தூசி தட்டுவாள், கிழிசலை மெல்லிய காகிதத்தால் ஒட்டுவாள், பிறகு பிசையும் ரப்பரை எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல்களை அழிப்பாள். 'சுத்தமான பிரதி' என்று தன் பட்டியலில் போடுவதில் அவளுக்குப் பெருமை. சேகரிப்பவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

ஆகஸ்டில் பிடில்காரர்கள் கூடும் திருவிழா. அந்த வருடம் லோரீன் கூடாரத்தின் கீழ் மேசை போட்டிருந்தாள். சாயங்காலம் கழுத்தில் பாஞ்சோ தொங்க ஒரு பெண் வந்தாள். பெயர் அடெல் கிரிக்ஸ்பி. கிரீன்ஸ்பரோவில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், கறுப்பினப் பெண், ஐம்பது வயதிருக்கும். மேசையில் இருந்த புத்தக அட்டைகளைப் பார்த்தாள். கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு நிற்கும் படங்கள்.

"எங்க ஆளுங்களை இப்படிப் பல்லிளிக்க வச்சு வரைஞ்சுட்டு, உள்ள எங்க வாசிப்பையே பாடமா போட்டிருக்கான் பாருங்க," என்றாள்.

லோரீன் ஒரு புத்தகத்தை நோக்கிக் கை நீட்டினாள். "அட்டையைக் கவுத்து வைக்கட்டுமாங்க?"

"வேணாம். இருக்கறது இருக்கட்டும். நான் உள்ளதான் பாக்கணும்."

ஒரு புத்தகத்தை எடுத்தாள். 1859-இல் லிஞ்ச்பர்க்கில் ஒரு டாக்டர் மகளுக்குச் சொந்தமாக இருந்தது. முதல் தாளில் மையால் பெயர். நான்கு பக்கம் புரட்டிவிட்டு அடெல் நிறுத்தினாள்.

"இங்க ஏதோ எழுதியிருந்த மாதிரி இருக்கே?"

"இருந்துச்சு, எல்லாத்தையும் தொடச்சுட்டேன்," என்றாள் லோரீன், பாராட்டு வருமென்று எதிர்பார்த்து.

அடெல் புத்தகத்தைக் கூடாரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய், சாய்ந்த வெயிலில் ஒருக்களித்துப் பிடித்தாள். பென்சில் கரி போயிருந்தாலும் அது அழுத்திய பள்ளம் காகிதத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"'கட்டை விரல் முன்னால் வர வேண்டும். புத்தகத்தில் இருப்பது தப்பு. ஐசக் இப்படித்தான் வாசிக்கிறான்.'"

ஐசக் என்பதோடு சரி, குடும்பப் பெயர் இல்லை. அந்த ஊரில், அந்த வருடத்தில், வெறும் பெயரோடு எழுதப்படுகிறவன் அடிமையாகத்தான் இருந்திருப்பான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடெல் ஒரு காகிதம் கேட்டாள். அச்சிட்ட மெட்டுக்குக் கீழே எந்த விரல் என்று எண்களாக எழுதியிருந்த பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டாள். பாஞ்சோவைத் திருப்பி மடியில் வைத்து வாசித்தாள். அச்சில் இருந்த மெட்டுத்தான். ஆனால் தாளம் வேறிடத்தில் விழுந்தது, நடக்கிற ஆள் சட்டென்று துள்ளிப் போவதுபோல. பக்கத்துக் கூடாரத்துக்காரன் திரும்பிப் பார்த்தான். மூன்றாம் வரி முடிந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றாள் லோரீன்.

"அப்புறம் இல்லீங்க. நாலாவது வரியில நீங்க நல்லா அழுத்தித் தொடச்சிருக்கீங்க. பள்ளம்கூட இல்ல."

திட்டியிருந்தால் லோரீன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அடெல் திட்டவில்லை. அந்தப் புத்தகத்தை ஒஹாயோவில் ஒருவர் சுத்தமான பிரதி என்று தனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார். அவருக்கு இல்லையென்று எழுதிக்கொள்ளலாம் என்று லோரீன் அதை அடெலுக்கே கொடுத்தாள். சும்மா வாங்கிக்கொள்ள அடெல் சம்மதிக்கவில்லை. பட்டியல் விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் லோரீன் இரண்டு நாள் மிச்சப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கல்தானே, விடு," என்றான் ட்வைட்.

"ஒரு மனுஷன் வாசிச்ச கையை அழிச்சிருக்கேன்யா," என்றாள்.

மூன்றாம் நாள் கார்டு எழுத உட்கார்ந்தாள். தன்னிடம் வாங்கிய எல்லாருக்கும் ஒரே சேதி: நான்தான் அழித்தேன், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். அறுபது பேருக்கு எழுதியதில் முதலில் பதினொரு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், பழுதான சரக்கை விற்றதாகக் கோபித்துப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினார். லோரீன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். தெரிந்த வரிகளை எல்லாம் தாளில் எழுதி கிரீன்ஸ்பரோவுக்கு அனுப்பினாள். வேறு இரண்டு மெட்டுகளுக்கு விரல் வைக்கும் முறை அடெலுக்குக் கிடைத்தது. ஐசக்கின் நாலாவது வரி எங்கிருந்தும் வரவில்லை.

அடுத்த பட்டியலிலிருந்து 'பென்சில் குறிப்புகள் உண்டு, தொடவில்லை' என்று போட ஆரம்பித்தாள். பழைய வாடிக்கைக்காரர் சிலர் நின்றுபோனார்கள். பாஞ்சோ வாசிக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பல் டாக்டர் மட்டும் எட்டு மாதம் கழித்து எழுதினார். பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, தன் பிரதியில் கடைசிப் பாடத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி கண்டுபிடித்தாராம்: 'கை வலிக்கிறது. அப்பாவிடம் சொல்லி நிறுத்திவிடப் போகிறேன்.' லோரீன் அதை ட்வைட்டுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அதையும் அடெலுக்கு அனுப்பிவைத்தாள்.