பத்துச் சுற்று, நிற்காமல்

மலேசியாவில், இந்தக் கிள்ளானில் நான் ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வந்து பதினோரு வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, தாலிச்சரடு பனியனுக்கு வெளியே ஆட, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்க ஓடுகிறேன். எதிரே வரும் சீனப் பெரியவர் கையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு நடக்கிறார். எங்கள் குடியிருப்புக் குளத்தைச் சுற்றி ஒரு பாதை. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர். பத்துச் சுற்று ஓட வேண்டும் என்பது என் ஆசை. எவ்வளவு நேரமானாலும் சரி, நடுவில் நிற்கக் கூடாது.

ஆசை என்று சொல்வது பொய். பயம்தான். கிளினிக்கில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். திருச்சி உறையூரில் இருக்கும் என் அப்பா கரண்டு கம்பம் ஏறிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அதே சர்க்கரையில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது நான் இங்கே இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஆறாவது சுற்றில் எப்போதும் நின்றுவிடுவேன். கூட ஓடும் கமலா கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த பள்ளி ஆசிரியை. "மெதுவா போங்க லா அக்கா. யாரு பாக்கப் போறா?" என்றார் ஒருநாள். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ சுருக்கென்றது. பார்க்க ஆசைப்பட்ட ஒரே மனிதரால் இங்கே வர முடியாதே.

போன லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவே வாய்விட்டுக் கேட்டார். "நீ ஓடுறத நான் ஒருவாட்டி பாக்கணும்மா." வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு ஓடினேன். தெருமுனை திரும்பியதும் பால் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துரத்தி வந்துவிட்டார்.

"என்னம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா ஓடுறேன்."

"சும்மா யாராவது ஓடுவாங்களா? ஆஸ்பத்திரிக்குத்தானே? ஏறு மொதல்ல."

நானும் ஏறிவிட்டேன். ஒரு மனிதர் பால் பாத்திரத்தோடு பதறி வந்து கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித்தான் விளக்கிச் சொல்ல முடிந்தது. வீடு திரும்பியபோது அப்பா அதே நாற்காலியில் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விமானம்.

கிள்ளானுக்கு வந்த பிறகு அப்பாவே ஒரு வழி சொன்னார். "பாக்கத்தான் கொடுத்து வைக்கல. போன்ல போட்டுவிடு, கேக்கவாவது கேக்குறேன்." ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஆறரை என்றால் அங்கே நாலு மணி. எழுந்து உட்கார்ந்திருந்தார். போனை இடுப்புப் பையில் வைத்து, வலது காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆறாவது சுற்றில் வழக்கம்போல் கால் கெஞ்சியது.

"என்னம்மா, நின்னுட்டியா? காலடிச் சத்தம் கொறையுதே."

"இல்லப்பா, ஓடுறேன்."

பொய் சொன்னதற்காகவே மறுபடி வேகம் கூட்டினேன். ஏழு போயிற்று. எட்டாவதில் அவர் பேச்சு நின்று, மெல்லக் குறட்டை கேட்டது. கால் போனதிலிருந்து அப்பாவுக்கு ராத்தூக்கமே கிடையாது என்று அம்மா எத்தனையோ முறை புலம்பியிருக்கிறாள். ஒன்பது. பத்து.

"முடிஞ்சிச்சு அக்கா! நில்லுங்க!" என்று கமலா கையைத் தட்டினார்.

சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு அவரைத் தாண்டிப் போனேன். காலடி நின்றால் அப்பா விழித்துவிடுவார். இடது காதில் பந்திங் ஊருக்குப் போகும் பஸ் இரைந்து போனது, வலது காதில் உறையூர் தூங்கிக்கொண்டிருந்தது. பதினோராவது சுற்றை ஓட ஆரம்பித்தேன்.