துஜு அம்பாட்டுக்கு வந்த அழைப்பு

எங்கள் தாத்தா ரெங்கசாமி தொண்டையைச் செருமினால் போதும், வீட்டில் டிவி சத்தம் தானாகக் குறையும். அந்தச் செருமலைச் செய்து காட்டியே பல கல்யாண வீடுகளிலும் விருந்துகளிலும் நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பத்தொன்பது வயதில் மலேசிய ராணுவத்துக்குப் போனவர். இருபத்தொரு வருடம், பாதி நாள் காட்டில். பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல். நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். எண்பத்திரண்டு வயதிலும் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார்.

காட்டில் அவருடைய கூட்டாளி, கெர்லிங் ஊர்க்காரர் முருகையா. வயர்லெஸ் அவர் கையில். தாத்தாவின் ராணுவ எண் ஏழு, நான்கு என்று முடியும். அதையே முருகையா மலாயில் 'துஜு அம்பாட்' என்று பெயராக்கிக் கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் முருகையா, லோரி ஓட்டும் தன் மகனுக்கு எங்கள் புஷ்பவள்ளி அத்தையைப் பெண் கேட்டு வந்தார். தாத்தா கேட்டைக்கூடத் திறக்காமல் முடியாது என்று அனுப்பிவிட்டார். அதோடு இருபத்தாறு வருடம் பேச்சில்லை. முன்னாள் வீரர்கள் விருந்தில் ஆளுக்கொரு மேசையில் உட்காருவார்கள். தாத்தாவோடு அங்கே போனபோதுதான் முருகையாவின் மூக்குக் குரலை நான் பிடித்துக்கொண்டேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், சித்தப்பா பிள்ளைகளைச் சிரிக்க வைக்க, மாடியிலிருந்து கீழே வீட்டுப் போனுக்கு அடித்து, எடுத்த தாத்தாவிடம் முருகையா குரலில் பேசினேன்.

"துஜு அம்பாட், நான்தான். கோவமெல்லாம் போச்சுலா. ஞாயித்துக்கெழம சாப்புட வர்றேன்."

உடனே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினேன். தாத்தா முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"முருகையா வர்றான்டா," என்றார்.

நான் சொல்லாமலே மறுபடி மாடி ஏறிவிட்டேன்.

ஞாயிறு விடிந்ததும் கடலோரத்துச் சுங்கை செம்பிலாங் வரை போய் இறால் வாங்கி வந்தார். கேட்டை அகலத் திறந்துவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, அவன் வரட்டும் என்றார். நாலு மணிக்கு எழுந்து தானே கேட்டைச் சாத்தினார்.

"நான் அவன வாசல்ல நிக்க வச்சேன்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிப்ரவரியில் தாத்தா இறந்துபோனார்.

சாவு வீட்டுக்கு வந்த முருகையா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே அழைக்கப் போன நான் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அவன் நம்புனானா?" என்று கேட்டார்.

"எறாலு வாங்கி வச்சி, நாலு மணி வரைக்கும் காத்திருந்தாரு தாத்தா."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"விருந்துல அவனாட்டம் செருமிக் காட்டுன பையந்தானே நீ? அவன் கொரலு ஒனக்கு நல்லா வரும்ல. அதுலயே எனக்கும் ஒரு போனு போட்டிருந்தா, நான் வந்திருப்பேனடா."

அது எனக்குத் தோன்றவே இல்லை. முழுசாக மூன்று மாதம் இருந்தது.