பிரேமா கழற்ற மறுத்த கயிறு

செய்தியைச் சொன்னவர் டிரைவர் முத்துப்பாண்டி. காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எடுத்தேன். "அம்மா, பிரேமா அக்கா போயிட்டாங்க. பட்டறைக்குக் கிளம்பி வாசல்ல செருப்பு மாட்டுனவங்க அப்படியே உக்காந்துட்டாங்களாம்" என்றார். எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று நான் வரிசையாகக் கேட்டேன். செய்தி சேகரிக்கிற வேலையில் வந்த பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "கிளம்பி இருங்கம்மா, நான் வண்டி எடுத்துட்டு வாரேன்" என்றார்.

பிரேமாவை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. மதுரை அவனியாபுரத்துப் பட்டறைத் தெருவில் பெரிய கார்களின் மின்னணுக் கோளாறுகளைக் கண்டுபிடித்துத் தந்தவர். அதற்கான படிப்பைப் படித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, திருமணமான பின் ஊருக்குத் திரும்பியவர். கணவர் ரமேஷ் அதே பட்டறையில் கார் ஏ.சி. வேலை செய்கிறார். இருவரும் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். பட்டறையிலும் மடிக்கணினி மக்கர் செய்தால் பிரேமா அதைச் சௌராஷ்டிரத்தில்தான் திட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, தமிழில் திட்டினால் பக்கத்துப் பட்டறைக்காரர் தன்னைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார் என்றார்.

எனக்கு அவர் பழக்கமானது என் பழைய சிறிய காரால். மீட்டர் பலகையில் ஒரு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. அவர் ஓட்டினார். காரோடு இணைத்த மடிக்கணினியை என் மடியில் வைத்து, திரையில் எண் மாறும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். திரும்பி வந்து இறங்கும்போது, "பாத்ததை மட்டும் சொன்னீங்க அக்கா. மத்தவங்க பாதி பாப்பாங்க, மீதியை அவங்களே நினைச்சுக்குவாங்க" என்றார். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டிய கார் எது வந்தாலும் எனக்கு அழைப்பு வந்துவிடும். "அக்கா, சும்மா இருக்கீங்களா? ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்." ரிங் ரோடு முழுவதும், சில நாள் திருமங்கலம் வரைக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண் படித்திருக்கிறேன். நடுவில் எங்காவது பருத்திப்பால் குடிப்போம். வாடிக்கையாளரின் காருக்குள் குடிக்க விடமாட்டார். இறங்கி நின்றுதான் குடிக்க வேண்டும்.

அப்படிப் போன ஒரு கார்தான் முத்துப்பாண்டி ஓட்டுகிற வெள்ளைக் கார். டீசலில் ஓடும் வெளிநாட்டு சொகுசுக் கார். சிம்மக்கல்லில் பருப்பு மண்டி வைத்திருக்கும் செல்வராஜ் அதைக் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். முத்துப்பாண்டிக்கு அவரிடம் டிரைவர் வேலை. கார் வாங்கிய பின் முதல் கோடை வந்தது. திண்டுக்கல் சாலையில் ஒரு லாரியை முந்தப் போகையில் கார் திடீரென்று இழுக்காமல் போய்விட்டது. கூடவே ஒரு மஞ்சள் விளக்கு. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டால் விளக்கும் இல்லை, கோளாறும் இல்லை. அப்படியே பல தடவை நடந்தது. நடந்தபோதெல்லாம் அவர் தனியாக இருந்தார்.

முதலாளி காரில் இருக்கும்போது அது ஒரு முறைகூட வரவில்லை. அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் இரண்டு முறை பார்த்தார்கள். ஒரு சென்சாரை மாற்றினார்கள். இரண்டாவது முறை, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைப் படித்த பிறகு செல்வராஜ் காரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார். முந்தப் போகையில் இழுக்கவில்லை என்றால் நீ என்ன வேகத்தில் போனாய் என்று கேட்டார். பதில் சொன்னால் வேகமாக ஓட்டியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் கதை கட்டுவதாகிவிடும். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். முத்துப்பாண்டி காரைப் பிரேமாவிடம் கொண்டுவந்தது அதற்கப்புறம்தான். முதலாளிக்குத் தெரியாமல் வரவில்லை. கடைசியாக ஒரு முறை பார்க்கட்டும் என்று கேட்டு அனுமதி வாங்கித்தான் வந்திருந்தார்.

பிரேமா அவரை உட்காரவைத்துக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்படி நடக்காதே என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. கடைசியாக எப்போது வந்தது, கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து, வெயிலா, மேடா, கால் எவ்வளவு அழுத்தமாக இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். முத்துப்பாண்டி பதில் சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதமாக அவர் சொன்னதை யாரும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

டர்போ என்பது புகை வெளியேறும் வேகத்திலேயே சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று காரின் கணினி கேட்கும். டர்போ கொடுக்க வேண்டும். கேட்டது கிடைக்காவிட்டால், இன்ஜினுக்குக் கேடு வராதிருக்கக் கணினி சக்தியைக் குறைத்துவிடும். கார் ஓடும், ஆனால் இழுக்காது. மடிக்கணினியில் இது இரண்டு கோடுகளாகத் தெரியும். ஒன்று கேட்டது, மற்றது கிடைத்தது. நல்ல காரில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து போகும்.

முதல் நாள் பிரேமா ஓட்டினார். கோடுகள் பிரியவில்லை. அடுத்த நாளும் இல்லை. டர்போவைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்து, அதை மாற்றினார். மாலை ஓட்டிப் பார்த்தோம். நன்றாக இருந்தது. சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாரம் முடிவதற்குள் முத்துப்பாண்டி திரும்ப வந்து வாசலில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார். பிரேமா என்னிடம், "நான் ஜெயிச்சதா நினைச்சு அனுப்பிச்சேன் பாருங்க. என் முன்னால வரலை, அதனால போயிருச்சுன்னு சொல்லிட்டேன். அந்த சர்வீஸ்காரங்க சொன்னதும் அதேதானே" என்றார். வால்வுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த முறை அவர் ஓட்டவில்லை. முத்துப்பாண்டியை ஓட்டச் சொன்னார். நான் முன்னால் கணினியுடன் இருக்க, அவர் பின்னால் நடுவில் உட்கார்ந்து, ஓட்டுபவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். மதிய வெயில். வாடிப்பட்டி தாண்டி ஒரு டேங்கர் லாரியை முந்துவதற்காக முத்துப்பாண்டி அழுத்தியபோது கேட்ட கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது, கிடைத்த கோடு பாதியில் படுத்துவிட்டது. நான் எண்ணைச் சொன்னேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் சோர்ந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முத்துப்பாண்டி ஓரம்கட்டி, வழக்கம்போல் சாவிக்குக் கை கொண்டுபோனார்.

"ஆஃப் பண்ணாதீங்க பாண்டி" என்றார் பிரேமா. "அணைச்சா ஓடிப்போயிரும்."

இன்ஜின் ஓட ஓடவே மூடியைத் திறந்து, டர்போவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். அந்தக் குழாய் வழியே காற்றை உறிஞ்சித்தான், டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள் அசைகின்றன. இன்ஜினுக்குப் பின்பக்கம், கண்ணுக்கு எளிதில் தெரியாத இடத்தில் விரல் நின்றது. சிவப்புக் கயிறு ஒன்று இறுக்கமாகக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. ஆயுத பூஜை அன்று முத்துப்பாண்டி கட்டிய சாமி கயிறு. பழைய கார், யார் எப்படி வைத்திருந்தார்களோ என்று அவர்தான் அழகர்கோயிலிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்வரை ரப்பர் விறைப்பாக இருந்து தாங்கியது. வெயிலில் வெகுதூரம் ஓடிச் சூடேறிய பின் காலை அழுத்தினால், கயிறு கட்டிய இடத்தில் குழாய் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது, இதழ்கள் அசையவில்லை. நகருக்குள்ளும், முதலாளி இருக்கும்போது மெதுவாகப் போகையிலும் அப்படி ஒட்ட வாய்ப்பே இல்லை. செல்வராஜுக்கு வேகம் பயம். அவர் காரில் இருந்தால் அறுபதைத் தாண்ட விடமாட்டார்.

முத்துப்பாண்டியின் முகம் மாறிவிட்டது. தன் வேலையைத் தானே கெடுத்துக்கொண்டதாக அவருக்குத் தெரிந்துபோயிற்று. கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு, குழாயை மாற்றியாயிற்று என்று மட்டும் முதலாளியிடம் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். பிரேமா இன்ஜின் மூடியை மெதுவாக மூடினார்.

"கழட்டிட்டா இனிமே வராது பாண்டி. வரலைன்னா, நீங்க இம்புட்டு நாள் சொன்னதும் பொய்யாவே நின்னுரும். நான் என்ன மாத்துனேன்னு பில்லு குடுத்தாலும் அவர் மனசுல உங்க பேருதான் இருக்கும். அவர் கண்ணுக்கு ஒரு தடவை வரட்டும். அப்புறம் கழட்டுறேன்."

செல்வராஜை வரவைப்பது லேசாக இருக்கவில்லை. பிரேமா மண்டிக்கே போனார், நானும் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அதை அவர் பார்க்காமல் சரிசெய்ய மாட்டேன் என்றும் சொன்னார். சரிசெய்யத்தானே உன்னிடம் விட்டது என்றார் அவர். கோளாறைக் காட்டாமல் சரிசெய்தால் என்ன செய்தேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் பிரேமா. வேகமாகப் போக வேண்டுமா என்று அவர் கேட்டபோது, ஆமாம் அண்ணே, கொஞ்ச நேரம் பயத்தை மண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். மூட்டை தூக்குபவர்கள் சிரித்ததில் அவருக்கும் வேறு வழி இல்லாமல் போயிற்று.

மறுநாள் மதியம் அதே சாலை, அதே வெயில். செல்வராஜ் பின்னிருக்கையில் கைப்பிடியைப் பிடித்தபடி, முன்னால் போகிற எதையும் பார்க்காமல் முத்துப்பாண்டியின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் பிரேமா. எனக்குப் பயம் வேறாக இருந்தது. இன்றைக்கு வராமல் போனால் என்ன செய்வது? வாடிப்பட்டி வரைக்கும் கோடுகள் ஒன்றாகவே போயின. முத்துப்பாண்டியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு பஸ்ஸை முந்தப் போகையில் அவர் அழுத்தினார். கோடு பிரிந்தது. கார் தொய்ந்தது. செல்வராஜின் உடம்பு முன்னால் சாய்ந்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை, "இதைத்தான் சொன்னியா?" என்பது.

"ஆமா முதலாளி. இதேதான்."

சாலையோரம் மூடியைத் திறந்து பிரேமா கயிற்றைக் காட்டினார். யார் கட்டியது என்று செல்வராஜ் கேட்டார். முத்துப்பாண்டி, "நான்தாங்க" என்றார்.

"கட்டுனதுக்குத் திட்டிக்கோங்க அண்ணே" என்றார் பிரேமா. "ஆனா வண்டியில கோளாறு இருக்குன்னு மொதல்ல சொன்னதும் இவர்தான், கடைசி வரைக்கும் சொன்னதும் இவர்தான். ரெண்டையும் சேத்துப் பாருங்க."

செல்வராஜ் குனிந்து கயிற்றை வெகுநேரம் பார்த்தார். "ஏன்டா, இம்புட்டுப் பெரிய இன்ஜின்ல உனக்குக் கயிறு கட்ட வேற எடமே கெடைக்கலையா?"

"பெரிய குழாய்க்குக் கயிறு பத்தலை முதலாளி."

முதலில் சிரித்தது செல்வராஜ்தான். பிரேமா கயிற்றை அறுத்து எடுத்தபோது, சாமி கயிற்றைக் கீழே போட்டுவிடாதே என்று அவர் வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது முன்னிருக்கையில், முத்துப்பாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சமயநல்லூர் வந்ததும், நாளைக்குக் காலையில் சீக்கிரம் வந்துவிடு, விருதுநகர் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். முத்துப்பாண்டி இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

போன வருடம் பிரேமாவுக்கு அவ்வப்போது மூச்சு வாங்கியது. படியேறினால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. டாக்டர் முன்னால் வரவே இல்லை. நெஞ்சில் ஒரு சின்னக் கருவியை மாட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்து பார்த்தார்கள். அதை மாட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்து, "காரைப் பாக்குற மாதிரி இப்ப என்னையவே பதிவு பண்றாங்க அக்கா. வேணும்னே படி ஏறி எறங்குறேன், சனியன் வரமாட்டேங்குது" என்று சிரித்தார். பதிவில் ஒன்றும் இல்லை. தொடர்ந்து பார்க்கலாம் என்றார்கள், பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்று. என் முன்னால் நடக்கவில்லை என்பது, நடக்கவில்லை என்பதாகாது. நாற்பது வருடம் செய்தி எழுதியபோது இதை நான் வேறு வார்த்தைகளில் அறிந்திருந்தேன். அறிந்ததைக் கடைப்பிடிக்க ஒருவர் எவ்வளவு தூரம் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்பதைப் பிரேமாவிடம்தான் கண்டேன்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து வீட்டுக்குப் போயிருந்தேன். ரமேஷ், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையில் பிரேமாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது என்றார். தினமும் இல்லை, சில நாள். உறவினர்கள் மனப்பிரமை என்றார்கள். வெளியூர் போய் வந்தால் சரியாகும் என்றார்கள். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர்கள் உள்ளே போன பிறகு நான் அவரிடம், கடைசியாக எப்போது கேட்டது, அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார் என்று விசாரித்தேன். வாசல்படியைக் காட்டினார். இருவரும் அங்கே உட்கார்ந்தோம். விளக்கு வைத்தார்கள். தெருவில் இரண்டு மூன்று வண்டிகள் போயின. அவர் ஒரு முறை தலை நிமிர்ந்தார்.

எனக்குக் கேட்கவில்லை. வரவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.