வலிக்கு என்றால் இழு!

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையிலிருந்து லேசாகக் கருகல் வாசனை...

அப்போது என்ன செய்ய வேண்டும்? சர்வீஸ் கம்பெனிக்கு போன் போட வேண்டும். பக்கத்து வீட்டு மலையாளி சசி சேட்டனோ இரும்புக் கம்பியோடு கிளம்பிவிட்டார்.

"மோட்டோர் தன்னே அல்லே? கிணற்றிலெ மோட்டோர் ஞான் எத்ர நந்நாக்கியதா!"

கிணற்று மோட்டாரைப் பலமுறை சரி செய்தவராம். கூடவே என் மச்சானும் கிளம்பினார். நாகர்கோவில்காரர். இங்கே பழவங்காடி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார்.

"கம்பெனிக்காரன் வந்தா மட்டும் மந்திரமா போடப் போறான்? வாங்க அத்தான், பாத்திருவோம்!"

மெயின் ஸ்விட்சை நான் அணைத்தேன். அன்று உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

மோட்டாரின் மூடியை மச்சான் பிடித்துக்கொள்ள, சேட்டன் கம்பியால் நெம்பினார். கம்பி நழுவியது. மச்சானின் ஆள்காட்டி விரல் மூடிக்கும் கம்பிக்கும் நடுவே!

"ஐயோ, வலிக்கு! வலிக்கு!"

எங்கள் நாகர்கோவில் பக்கத்துப் பேச்சில் 'வலிக்கு' என்றால் நோகிறது. மலையாளத்தில்? இழு! சேட்டன் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை இழுத்தார்.

"வலிக்கு சேட்டா!"

"வலிக்குந்நுண்டல்லோ!" இழுத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று இன்னும் பலமாக இழுத்தார்.

மச்சானுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நோவு வந்தால் வாயில் தாய்மொழிதானே வரும்?

நான் ஓடிப்போய், "விடு சேட்டா, விடு!" என்று கத்தினேன். நல்லவேளை, அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றே. கம்பி கீழே விழுந்தது. விரல் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் மச்சான் கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர், கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா?"

முடியும். எலும்பு தப்பிவிட்டது. நகம்தான் கறுத்துப்போனது. சேட்டனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் மெக்கானிக்குகள் இருவர் வந்தார்கள். மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே ஒருவர் சொன்னார், "நான் 'ஸ்டாப்'னு சொன்னா கையை எடுத்திரணும்." மற்றவர் அதையே திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் வேலை.

தொழில் தெரிந்தவர் என்றால் ஸ்பேனர் வைத்திருப்பவர் மட்டுமா? எப்போது நிறுத்துவது என்று முதலிலேயே பேசி வைப்பவரும்தான்.

அதனால் பிள்ளைகளே, லிஃப்டில் கரகரவென்று சத்தமா? கருகல் வாசனையா? குலுக்கலா? மாடித் தரைக்குச் சமமாக வராமல் நிற்கிறதா? ஆளைக் கூப்பிடுங்கள். 'உபயோகிக்காதீர்' என்று அட்டை மாட்டுங்கள். நம் வேலை அத்தோடு முடிந்தது.

இதை வீட்டில் சொன்னபோது என் மகள் கேட்டாள், "மெக்கானிக் வர லேட்டானா என்னப்பா செய்றது?"

அவளிடம் சொன்னேன், "அதுக்குத்தான் மக்களே படிக்கட்டு கட்டி வெச்சிருக்கு... அதுக்கு மோட்டாரே கிடையாது!"